திருச்சிராப்பள்ளிக்கு யார் சோறு போட்டது?

(கிருஷ்ணகிரி மாவட்டச் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்காக ஓசூரில் நடந்த பணியிடைப் பயிற்சியில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘உள்நாட்டுப் போரில் வியூகம், தலைமை, வளம்’. தலைப்பைப் பார்த்ததும் லிங்கனையும் அமெரிக்காவையும் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதற்கும் ஐந்து நிமிடம் வைத்திருக்கிறேன். மீதி நேரம் முழுவதும் நம் பக்கத்து ஆம்பூரில் தொடங்கித் திருச்சிராப்பள்ளியைச் சுற்றிச்சுற்றி நடந்த ஓர் உள்நாட்டுப் போரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். புதிய போர் ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்பில் நாம் எல்லோரும் நடத்துகிற இரண்டாம் கர்நாடகப் போர்தான். 1749 முதல் 1754 வரை.

கர்நாடகப் போர் என்று கரும்பலகையில் எழுதியதும் ஓசூர்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் கையைக் காட்டுவார்கள். “அங்கயா சார் நடந்துச்சு?” என்பார்கள். அன்றைக்குக் கர்நாடகம் என்பது ஆற்காட்டு நவாப் ஆண்ட நம்முடைய கீழ்ச்சீமை என்று விளக்குவதற்கே பத்து நிமிடம் போய்விடும். அதன்பிறகு டூப்ளே, கிளைவ், ஆற்காட்டு முற்றுகை, பாண்டிச்சேரி உடன்படிக்கை, ஒரு மதிப்பெண் வினா, மணி அடித்துவிடும். நானும் பல வருடங்கள் அப்படித்தான் நடத்தினேன்.

போன வருடம் கொஞ்சம் மாற்றிச் செய்து பார்க்கலாம் என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டேன். வியூகம், தலைமை, வளம். மூன்று கட்டத்தையும் பிள்ளைகளைக் கொண்டே நிரப்பினேன். வகுப்பு நன்றாகப் போகிறது என்று எனக்கே ஒரு திருப்தி. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். நம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன அல்லவா, அப்படி ஒரு முகாமிலிருந்து வருகிற பிள்ளை. அதிகம் பேசாதவள். “சார், திருச்சியில ரெண்டு மூணு வருசம் சண்டைன்னு சொல்றீங்க. அந்த ஊர் சனங்க எங்க சார் போனாங்க? அவங்களுக்கு யார் சோறு போட்டது?” என்று கேட்டாள்.

என் மூன்று கட்டத்தில் எதிலும் அதற்கு இடமில்லை. “நாளைக்குச் சொல்றேன்மா” என்று உட்கார வைத்துவிட்டேன். நாளைக்குச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இதை ஏன் உள்நாட்டுப் போர் என்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போர் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஆனால் ஐரோப்பாவில் அந்த இரண்டு நாடுகளும் 1748இல் சமாதானம் செய்துகொண்டுவிட்டன. மறுபடி போர் மூண்டது 1756இல். இடைப்பட்ட காலத்தில்தான் நம் மண்ணில் இவ்வளவு ரத்தம் சிந்தியது. சமாதானமாக இருக்கும் இரண்டு நாட்டுக் கம்பெனிகள் எந்த நியாயத்தைச் சொல்லிச் சண்டை போட்டன? ‘நான் இந்த நவாபுக்குத் துணை வந்தவன்’ என்று ஒருவர், ‘நான் அந்த நவாபுக்குத் துணை வந்தவன்’ என்று இன்னொருவர். சண்டையின் சொந்தக்காரர்கள் நவாபுகள். கம்பெனிகள் வாடகைக்கு வந்த கைகள். தொடக்கத்திலாவது நிலைமை அப்படித்தான் இருந்தது.

சண்டை இரண்டு குடும்பங்களுக்கு இடையில். ஆற்காட்டு நவாப் தோஸ்து அலி 1740இல் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியரோடு நடந்த போரில் இறந்துபோனார். அவருடைய மருமகன் சந்தா சாகிப். 1736இல் மதுரை நாயக்க ராணி மீனாட்சியை ஏமாற்றித் திருச்சிராப்பள்ளியைப் பிடித்துக்கொண்டவர் இவர்தான். 1741இல் மராட்டியர் அந்தக் கோட்டையைப் பிடித்து, இவரைச் சிறைக்கைதியாகச் சதாராவுக்குக் கொண்டுபோனார்கள். அவர் சிறையில் இருந்த காலத்தில் அவருடைய குடும்பம் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் பாதுகாப்பில் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். இதற்கிடையே தோஸ்து அலியின் மகன் கொலையானார், பிறகு பேரனும் கொலையானான். ஹைதராபாத் நிஜாம், வடக்கிலிருந்து வந்த அன்வருதீன் என்பவரை ஆற்காட்டு நவாபாக அமர்த்தினார். பழைய குடும்பத்துக்கு அது ஆறாத புண்.

1748இல் நிஜாம் இறந்தார். ஹைதராபாத்திலும் வாரிசுச் சண்டை மூண்டது. மகன் நாசிர் ஜங் ஒரு பக்கம், மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங் இன்னொரு பக்கம். விடுதலையாகி வந்த சந்தா சாகிப் பேரனோடு சேர்ந்துகொண்டார். இருவருக்கும் பாண்டிச்சேரி ஆளுநர் டூப்ளே கை கொடுத்தார். 1749 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஆம்பூரில் அன்வருதீன் யானைமேல் இருந்தபடியே குண்டடி பட்டு இறந்தார். மூத்த மகன் மாபூஸ்கான் பிடிபட்டார். இளைய மகன் முகமது அலி தப்பித் திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார்.

கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர் பஸ் ஏறியவர்கள் எல்லோரும் அந்த இடத்தைக் கடந்திருக்கிறோம். இருபுறமும் மலை நெருங்கி வரும், நடுவில் சாலையும் பாலாறும். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் மண்மேடு போட்டு வழியை அடைத்தால் போதும் என்று அன்வருதீன் நினைத்தார். தவறான வியூகம் என்று சொல்லிவிட முடியாது. மேற்கே இருந்து கீழே இறங்குகிற படையை நிறுத்த அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் எதிரே சுமார் 400 பிரெஞ்சு வீரர்களும் அவர்கள் பயிற்றுவித்த ஏறத்தாழ 2000 சிப்பாய்களும் பீரங்கியோடு வந்தார்கள். ஆயிரக்கணக்கான குதிரைப்படை செய்ய முடியாததை அந்தச் சின்னக் கூட்டம் செய்தது. அன்றிலிருந்து நம் சீமையில் அரசுரிமை கேட்கிற எவரும் முதலில் தேடியது அப்படிப்பட்ட சிப்பாய்ப் படையைத்தான். அந்தப் படைக்கு மாதாமாதம் காசு எண்ணி வைக்க வேண்டும். மானியம் விட்டுவிடுகிறேன், அறுவடைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இந்தச் சம்பள விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பாடநூல் தாண்டிப் போகிற இடம் இதுதான்.

அன்றைய குதிரைப்படை எப்படி இருந்தது? குதிரை அரசனுடையது இல்லை. பெரும்பாலும் வீரனுடையது அல்லது அவனைக் கூட்டிவந்த ஜமேதாருடையது. குதிரை செத்தால் அவன் முதல் போனது, ஈடு கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. அதனால் பீரங்கி முழங்குகிற பக்கம் குதிரையை விட அவன் தயங்குவான். அவனைக் கோழை என்று சொல்லக் கூடாது. ஓசூரில் கடன் வாங்கி லோடு வண்டி ஓட்டுகிற ஒருவரிடம், கலவரம் நடக்கிற ரோட்டில் வண்டியை விடச் சொல்லிப் பாருங்கள், புரியும். சம்பளம் பாக்கி விழுந்தால் படைவீரர்கள் தளபதியின் கூடாரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். சாப்பிட விடமாட்டார்கள், வெளியே விடமாட்டார்கள். பல மன்னர்களின் போர்த் திட்டம் அந்தக் கூடார வாசலிலேயே முடிந்திருக்கிறது.

சந்தா சாகிபைப் பாருங்கள். ஆம்பூரில் வென்ற கையோடு திருச்சிராப்பள்ளிக்குப் போயிருந்தால் முகமது அலியிடம் அப்போது பெரிய படை இல்லை. டூப்ளேயும் அதைத்தான் வற்புறுத்தினார். சந்தா சாகிப் போகவில்லை. ஆற்காட்டில் கொலு, பாண்டிச்சேரியில் விருந்து, டூப்ளேவுக்குக் கிராமங்கள் தானம். பிறகு தஞ்சாவூருக்குப் போனார். நாம் வகுப்பில் ‘சோம்பேறித்தனம்’, ‘தலைமைக் குறைபாடு’ என்று சொல்லிவிடுவோம். நானும் சொன்னேன். படித்துப் பார்த்தால் காரணம் வேறு. கையில் காசு இல்லை. படைக்குச் சம்பளம் கொடுக்கத் தஞ்சாவூர் கஜானாவைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

தஞ்சை மன்னர் பிரதாப் சிங் செய்த காரியத்தைப் பிள்ளைகளிடம் சொன்னால் கைதட்டுவார்கள். பெரிய தொகை தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். பிறகு தவணை, பேச்சுவார்த்தை, மறுபடி தவணை. பணத்துக்குப் பதில் பழைய வெள்ளிப் பாத்திரங்களையும் நகைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார். அதை எடை போடவும் மதிப்புப் பார்க்கவும் நாட்கள் ஓடின. அதற்குள் நாசிர் ஜங் பெரும்படையோடு வருகிறார் என்ற செய்தி வந்தது. சந்தா சாகிப் மூட்டை கட்டிக்கொண்டு பாண்டிச்சேரிப் பக்கம் ஓடினார். பாத்திரம் எடை போட வைத்தே ஒரு படையெடுப்பைத் தடுத்துவிட்டார் பிரதாப் சிங். அதோடு முடியவில்லை. தஞ்சாவூர்ப் பணத்தில் தங்களுக்குப் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை என்று பிரெஞ்சு அதிகாரிகள் பதின்மூன்று பேர் போர்க்களத்துக்கு முன்னாலேயே வேலையை உதறினார்கள். சந்தா சாகிபின் படை நிலைகுலைந்தது. முசாபர் ஜங் தன் மாமன் நாசிர் ஜங்கிடமே சரணடைய வேண்டியதாயிற்று.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1750 டிசம்பரில் செஞ்சி அருகே நாசிர் ஜங்கைக் கொன்றது எதிரி இல்லை, அவருடைய படையிலேயே இருந்த பட்டாணி நவாப் ஒருவர். இரண்டே மாதத்தில் முசாபர் ஜங்கும் அதே கூட்டத்தோடு நடந்த சண்டையில் இறந்தார். ஆற்காட்டில் சந்தா சாகிப் மறுபடி நவாப். எதிரி ஒரே ஒருவர், திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் இருந்த முகமது அலி. 1751இல் முற்றுகை தொடங்கியது.

இங்கேதான் நம் பாடநூலின் கதாநாயகர் கிளைவ் வருகிறார். இருபத்தைந்து வயது, எழுத்தராக வேலைக்கு வந்தவர். சென்னையிலிருந்து 200 ஐரோப்பியரையும் 300 சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு ஆற்காட்டில் நுழைந்தார். அங்கிருந்த காவல்படை சண்டை போடாமலே ஓடிவிட்டது. சந்தா சாகிப் திருச்சிராப்பள்ளியிலிருந்து 4000 பேரைப் பிரித்துத் தன் மகன் ராசா சாகிபிடம் அனுப்ப வேண்டி வந்தது. ஐம்பது நாள் முற்றுகை. தாக்குப்பிடித்தார்கள். எதிரியை இருக்கும் இடத்தில் அடிக்காமல், அவன் விட்டுவிட்டு வந்த இடத்தில் அடிப்பது நல்ல வியூகம், மறுக்கவில்லை. இந்த யோசனையைச் சொன்னதே முகமது அலிதான் என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆற்காடு தலைநகர் மட்டுமில்லை. சீமையின் வரி அங்கே வந்துதான் சேரும். ஆற்காட்டை இழந்த நவாபுக்கு எந்தப் பாளையக்காரர் கப்பம் கட்டுவார்? பக்கத்து மலையடிவாரத்தில் ஆறாயிரம் குதிரையோடு உட்கார்ந்து, யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மராட்டியத் தலைவர் முராரி ராவ், முற்றுகை நிலைத்து நின்றதைப் பார்த்ததும் கிளைவ் பக்கம் நகர்ந்தார். முற்றுகையில் சிப்பாய்கள் சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சியைக் குடித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையும் கடைசியில் சோற்றில்தான் வந்து நிற்கிறது.

முகமது அலி என்ன செய்தார்? அவர் போர்க்களத்தில் வாள் சுழற்றியவர் என்று யாரும் எழுதவில்லை. கோட்டைக்குள் உட்கார்ந்து கடிதம் எழுதினார். தஞ்சாவூருக்கு, புதுக்கோட்டைத் தொண்டைமானுக்கு, சென்னைக் கம்பெனிக்கு, மைசூருக்கு. மைசூரின் சர்வாதிகாரி நஞ்சராஜருக்கு அவர் கொடுத்த வாக்கு என்ன தெரியுமா? என்னைக் காப்பாற்றினால் திருச்சிராப்பள்ளியையே தருகிறேன் என்பது. எந்தக் கோட்டைக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாரோ அதையே விலை பேசினார். கொடுக்கிற எண்ணம் அவருக்கு எப்போதுமே இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் 1752 தொடக்கத்தில் மைசூர்ப் படை வந்துவிட்டது, முராரி ராவின் குதிரைகளோடு. அந்தப் படையில் ஒரு நடுத்தர வயது அதிகாரி இருந்தார். பெயர் ஹைதர் அலி.

சந்தா சாகிபும் பிரெஞ்சுத் தளபதி லாவும் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார்கள். கோயில் மதிலைக் கோட்டையாக்கிக்கொண்டார்கள். மதில் பலமானதுதான். ஆனால் கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் போய் உட்கார்ந்து, பாண்டிச்சேரியிலிருந்து வரும் பாதையை அடைத்துவிட்டார். அரிசியும் காசும் வரவில்லை. சந்தா சாகிபின் ஜமேதார்கள் ஒவ்வொருவராகக் குதிரையை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சிலர் எதிர்ப்பக்கமே போய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள். 1752 ஜூனில் தஞ்சைத் தளபதி மானோஜியின் வாக்கை நம்பி அவரிடம் சரணடைந்தார் சந்தா சாகிப். கைதி யாருக்குச் சொந்தம் என்று கூட்டாளிகள் நால்வருக்குள்ளும் தகராறு. மானோஜி தலையை வெட்டித் தகராறைத் தீர்த்துவிட்டார்.

பல புத்தகங்களில் போர் இங்கேயே முடிந்துவிட்டது போல இருக்கும். திருச்சிராப்பள்ளி மக்களுக்கு இனிமேல்தான் தொடங்கியது. வாக்குக் கொடுத்தபடி ஊரைக் கொடு என்றார் நஞ்சராஜர். இன்றைக்கு, நாளைக்கு என்றார் முகமது அலி. ஆத்திரமடைந்த நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரர் பக்கம் போய்ச் சேர்ந்து, காப்பாற்ற வந்த அதே கோட்டையை முற்றுகையிட்டார். முராரி ராவும் அவரோடு போனார்.

அந்த மாணவியின் கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. 1753இல் கோட்டைப் பொறுப்பில் இருந்தவர் டால்டன் என்ற ஆங்கிலக் கேப்டன். களஞ்சியத்தில் நிறையத் தானியம் இருக்கிறது என்று நவாபின் ஆட்கள் சொல்ல, அவரும் நம்பியிருந்தார். ஒருநாள் போய்ப் பார்த்தால் சில வாரத்துக்கு மட்டுமே இருந்தது. களஞ்சியம் நவாபின் உறவினர் ஒருவர் பொறுப்பில். முற்றுகை நேரத்தில் விலை ஏறும் அல்லவா? விற்றுவிட்டார். வெளியே இருந்து தானியம் கொண்டுவருகிறவர்களை மைசூர்க் குதிரைப்படை வழியிலேயே மடக்கியது. பிடிபட்டவர்களுக்குக் கொடிய தண்டனை. உள்ளூர்ச் சந்தை நின்றுபோனது. ஊர் மக்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறத் தொடங்கினார்கள். சில வாரங்களில் அந்தப் பெரிய ஊரே வெறிச்சோடியது. மிஞ்சியது படைவீரர்களும் அவர்களை அண்டியவர்களும்தான். தின்கிற வாய்கள் குறைந்ததால் இருந்த தானியம் படைக்குக் கூடுதல் நாள் வந்தது. கோட்டை தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். போரின் கணக்குப் புத்தகத்தில் அதை வெற்றி என்று எழுதியிருக்கிறார்கள். போனவர்கள் எந்தச் சாலையில் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

அதன்பிறகு ஓராண்டுக்கு மேல் அந்தக் கோட்டையின் உயிர் மாட்டு வண்டிகளிலும் பொதி மாடுகளிலும் இருந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான் காட்டுப் பாதைகள் வழியாக அரிசியும் ஆடுமாடும் அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்த வண்டித் தொடர்களை இரவோடு இரவாகக் காவல் காத்துக் கொண்டுவந்து சேர்த்துப் பெயர் வாங்கினார் ஒரு சிப்பாய்த் தளபதி. யூசுப்கான், நம் மருதநாயகம். இவரைச் சினிமா மூலம் பிள்ளைகளுக்குப் பெயரளவில் தெரியும். வாள் வீரராகச் சொல்லாதீர்கள், சப்ளை பார்த்தவர் என்று சொல்லுங்கள். ஓசூரில் சப்ளை என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிப்காட்டில் ஒரு உதிரிபாக லோடு இரண்டு மணி நேரம் தாமதமானால் லைன் நின்றுவிடும் என்று அப்பா அம்மா வீட்டில் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் எல்லையில் பஸ் நின்றபோது மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளியிலிருந்து நடந்து வந்தவர்கள் அவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள்.

போர் எப்படி முடிந்தது? டூப்ளே தன் சொந்தப் பணத்தையும் இதில் கொட்டியிருந்தார். பாரீஸில் இருந்த கம்பெனி முதலாளிகளுக்குக் கணக்கு மட்டுமே தெரிந்தது. 1754இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்காடிக்கொண்டே 1763இல் வறுமையில் இறந்தார். டூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைக்கிறது. போர் என்பது வியாபாரிகளின் கடன் பாக்கியிலும் சரக்கு வரத்திலும் எப்படித் தெரிகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று நம் மொழியில் இல்லை. இரண்டு பக்கம் நகலெடுத்து வகுப்பில் கொடுத்துப் பாருங்கள்.

முகமது அலி ஜெயித்தார். வாலாஜா என்று பட்டம் பெற்றார். வாலாஜாபேட்டை, வாலாஜாபாத் எல்லாம் அவர் பெயரால் வந்தவை. ஆனால் ஜெயித்ததற்கான செலவுச் சீட்டை ஆங்கிலக் கம்பெனி நீட்டியது. வரி வசூலை எழுதிக்கொடுத்தார். போதவில்லை. கம்பெனி அதிகாரிகளிடமே தனிப்பட்ட முறையில் மிக அதிக வட்டிக்குக் கடன் வாங்கினார். சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு கடன்காரர்களின் கோட்டைக்குப் பக்கத்திலேயே குடிவந்தார். 1785இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ‘ஆற்காட்டு நவாபின் கடன்கள்’ பற்றியே நீண்ட உரை ஆற்றும் அளவுக்கு அது நாறியது. 1801இல் கம்பெனி நிர்வாகம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அவருடைய அண்ணன் மாபூஸ்கான் கூடப் பின்னாளில் நெற்கட்டும்செவல் பூலித்தேவரோடு சேர்ந்து தம்பிக்கு எதிராகவே நின்றார். வண்டிகளைக் காத்துக் கொடுத்த யூசுப்கானை 1764இல் மதுரையில் தூக்கிலிட்டவரும் இதே முகமது அலிதான்.

அமெரிக்காவுக்கு ஐந்து நிமிடம் என்றேன், இரண்டு போதும். 1861இல் அங்கே மூண்ட போரில் தெற்குப் பக்கம் நல்ல தளபதிகள் இருந்தார்கள். வடக்கிடம் ரயில் பாதை, தொழிற்சாலை, கடற்படை இருந்தன. நான்கு ஆண்டுகளில் வடக்கு வென்றது. இதை நாம் நன்றாக நடத்துகிறோம். ஆனால் பிரிட்டனும் பிரான்சும் எங்கள் பஞ்சு வேண்டுமானால் எங்களுக்குத் துணை வருவார்கள் என்று தெற்கத்தியர் கடைசிவரை எதிர்பார்த்தார்கள், வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வராததால் அது அவர்கள் வீட்டுச் சண்டையாகவே முடிந்தது. நம் நவாபுகள் கூப்பிட்டதும் இரண்டு பேருமே வந்தார்கள்.

சரி, இதில் கிருஷ்ணகிரி எங்கே என்று கேட்பீர்கள். திருச்சிராப்பள்ளியில் மூன்று ஆண்டு உட்கார்ந்து மைசூர் கஜானா காலியானது. நஞ்சராஜர் வெறுங்கையோடு 1755இல் திரும்பினார். சம்பளம் கிடைக்காத மைசூர்ப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கலகம் செய்தது. அந்தப் பாக்கியைத் தீர்த்து வைத்துச் செல்வாக்குப் பெற்றவர் ஹைதர் அலி. பிரெஞ்சு முறைப் போரையும், சப்ளை இல்லாத படை என்ன ஆகும் என்பதையும் அவர் கற்ற பள்ளிக்கூடம் திருச்சிராப்பள்ளிதான். 1761இல் மைசூர் அவர் கைக்கு வந்தது. பாரமகாலும் வந்தது. 1767இல் கம்பெனிக்கும் அவருக்கும் மூண்ட போர் காவேரிப்பட்டினத்திலும் கிருஷ்ணகிரி மலையடிவாரத்திலும்தான் தொடங்கியது. 1791 மே மாதம் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டண வாசல்வரை போய்விட்டு, மாடுகள் செத்து, அரிசி தீர்ந்து, பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுத் திரும்பினார். அடுத்து அவர் முதலில் பிடித்தது எதை? ஓசூரையும் ராயக்கோட்டையையும். கீழ்ச்சீமையிலிருந்து கணவாய் வழியே தானிய மாடுகள் மேலே ஏற வேண்டும், அதற்காக. ராயக்கோட்டை மலைமேல் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகிறவர்கள், கோட்டைச் சுவரைக் காட்டிவிட்டு இறங்கிவிடாதீர்கள். அங்கே நின்று கீழே போகிற பாதையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வகுப்பில் இப்போது நான் மூன்று கட்டம் போடுவதில்லை. ஒரு வெற்று வரைபடம் கொடுக்கிறேன். ஆம்பூர், ஆற்காடு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, பாண்டிச்சேரி, ஸ்ரீரங்கப்பட்டணம். படைகள் போன வழியைச் சிவப்பில் போடச் சொல்கிறேன். பணம் போன வழி நீலம். சோறு போன வழி பச்சை. தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிற பிள்ளைகள் கலந்து உட்கார்ந்து செய்கிறார்கள். இதற்கு வாசிப்புத் திறன் அவ்வளவு தேவையில்லை என்பதால் பின்தங்கியவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். இரண்டு பாடவேளை ஆகிறது, அதைக் குறையாகச் சொல்லலாம். பாடத்திட்டம் முடிக்க வேண்டிய அவசரத்தில் இருப்பவர்கள் ஒரு பாடவேளையில் நீலத்தையும் பச்சையையும் மட்டும் செய்யலாம். சிவப்பு பாடநூலிலேயே இருக்கிறது.

அந்த மாணவிக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் சொன்னேன். களஞ்சியம் விற்றுப்போனதைச் சொன்னேன், ஊர் காலியானதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. வரைபடத்தில் நான் சொல்லாத நான்காவது நிறம் ஒன்றை எடுத்துத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வெளியே போகிற கோடுகளைப் போட்டாள். எல்லாப் பக்கமும் போட்டாள். “எந்தப் பக்கம் போனாங்கன்னு தெரியாதுல்ல சார்” என்றாள். சில கோடுகளைத் திரும்பிவருவது போலவும் போட்டிருந்தாள், புள்ளி புள்ளியாக.

அவளிடம் கேட்டு அந்தத் தாளை வாங்கி வந்திருக்கிறேன். பெயரை மடித்து மறைத்திருக்கிறேன். அந்த மேசைமேல் இருக்கிறது, தேநீர் இடைவேளையில் பாருங்கள். பக்கத்திலேயே வெற்று வரைபடப் பிரதிகளும் வைத்திருக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள், இடைவேளைக்குப் பிறகு நாம் எல்லோரும் ஒருமுறை வரைந்து பார்ப்போம்.